கழற்றிப் பூட்டத் தெரிந்த வீடுகள் வேண்டும்: கொங்கு நாட்டு மிக்ஸி, கிரைண்டர் உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கோயம்புத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வெட்கிரைண்டர், மிக்ஸி, மின்விசிறி, வீட்டு மோட்டார் ஆகியவற்றைத் தயாரிக்கும் உங்களுக்கும் உங்கள் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் பொதுவில் இம்மடலை எழுதுகிறேன். நான் சொல்லப்போவது எந்த ஒரு நிறுவனத்தின் மீதான புகாரும் அல்ல. உங்கள் எல்லோர் முன்பும் ஒருசேர வைக்க வேண்டிய கோரிக்கை. நீங்கள் செய்து விற்கும் பொருள் பழுதானால், அதை வாங்கியவர் தம் வீட்டிலேயே பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டுவதற்குத் தேவையான விவரமும் உதிரிபாகமும் அவர் கைக்குக் கிடைக்கச் செய்யுங்கள். கற்றுக்கொள்வது எங்கள் பொறுப்பு.

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை, கவுண்டம்பாளையத்தில் வசிக்கிறேன். எங்கள் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அக்கம்பக்கத்தார் பழுதான வீட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்து கூடுகிறோம். லேத் பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவரும், பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளைகள் சிலரும் உதவிக்கு வருகிறார்கள். அங்கே யாரும் யாருக்கும் பழுது பார்த்துக் கொடுப்பதில்லை. கொண்டுவந்தவரே கழற்ற வேண்டும், பக்கத்தில் இருப்பவர் வாயால் மட்டும் சொல்லிக்கொடுக்கலாம் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட விதி. ஓடாத மிக்ஸி, சோம்பிச் சுற்றும் ஃபேன், மோட்டார் ஓடியும் டிரம் சுற்றாத கிரைண்டர், சூடேறாத அயர்ன் பாக்ஸ், விசில் வராத குக்கர், மூடினாலும் சொட்டும் குழாய் ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றைத் தூக்கிப்போட வேண்டிய அவசியமே இல்லை என்பதை நேரில் பார்த்த பிறகுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

மிக்ஸியை எடுத்துக்கொள்வோம். "திடீர்னு நின்னுபோச்சுங்க" என்று கொண்டுவரப்படுகிறவற்றில் சிலவற்றுக்கு எந்தப் பழுதும் இருப்பதில்லை. சுமை கூடும்போது மோட்டார் எரிந்துவிடாமல் காக்க நீங்களே அடியில் வைத்திருக்கும் சிவப்புப் பொத்தான் துள்ளி வெளியே வந்திருக்கும். ஜாரில் இருப்பதைக் குறைத்து, மோட்டாரைச் சற்று ஆறவிட்டு, அந்தப் பொத்தானை உள்ளே அழுத்தினால் மிக்ஸி ஓடும். அது எதற்காக இருக்கிறது என்று தெரியாமல் புது மிக்ஸி வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அடுத்தது கார்பன் பிரஷ். மோட்டாரோடு சுழலும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரை இருபுறமும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் தொட்டுக்கொண்டு நிற்கும் அந்தக் கரித்துண்டுகள் தேய்வதற்கென்றே வைக்கப்பட்டவை. அவை தேய்ந்து குட்டையாகிவிட்டால் ஸ்பிரிங் அழுத்தியும் சரியாகத் தொடாது. பொறி பறக்கும், கருகல் நாற்றம் வரும், விட்டுவிட்டு ஓடும், பிறகு நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தால் பிரஷ் ஜோடியை மாற்றிவிடலாம். முதல் முறையாக அதைச் செய்து முடித்த ஒரு பெண்மணி, தேய்ந்த பிரஷ்ஷையும் புதியதையும் உள்ளங்கையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தத் துண்டு தேஞ்சதுக்காங்க நான் இத்தன நாளா அம்மியில அரைச்சுட்டு இருந்தேன்?" என்று கேட்டார். அவர் வீட்டு மிக்ஸியோடு வந்த கையேட்டில் சட்னிக்கும் மில்க் ஷேக்குக்கும் குறிப்பு இருந்தது. பிரஷ்ஷைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மோட்டாரின் சுழற்சியை ஜாரின் பிளேடுக்குக் கடத்தும் கப்ளரிலும் இதே கதைதான். அதன் பல் மழுங்கிப்போனால் மோட்டார் ஓடும், பிளேடு நிற்கும். மாற்ற வேண்டிய பாகம் விலை மிகக் குறைந்த பாகம். ஆனால் சில மாடல்களில் அதன் மரை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வெட்டப்பட்டிருக்கிறது. மோட்டார் சுழலும் வேகத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைக்கிறீர்கள், அதில் தவறில்லை. அதை அறியாதவர், எல்லாத் திருகையும் கழற்றும் பழக்கத்தில் இடப்பக்கம் திருப்ப, அது இன்னும் இறுகிக்கொண்டே போகிறது. மேலும் பலம் கொடுக்க, கப்ளர் உடைகிறது, சில வேளைகளில் ஷாஃப்ட்டும் கோணிப்போகிறது. கப்ளரின் தலையில் ஓர் அம்புக்குறி இருந்தால் இது எதுவும் நடக்காது. அச்சில் ஒருமுறை வெட்டிவிட்டால் பிறகு வார்க்கும் ஒவ்வொரு கப்ளரிலும் அந்தக் குறி தானாக விழும். சில தயாரிப்புகளில் அந்தக் குறி ஏற்கெனவே இருக்கிறது; அதைப் போட்டவர் யாரோ, வீட்டில் உட்கார்ந்து கழற்றப்போகிறவரை ஒரு நொடி நினைத்துப் பார்த்திருக்கிறார்.

ஃபேன் விஷயம் இன்னும் எளிது. கூரை விசிறி வருடங்கள் செல்லச் செல்ல வேகம் குறைகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அதன் கெப்பாசிட்டரை. நம் எலக்ட்ரீஷியன்கள் கண்டென்சர் என்பார்கள். வீட்டுக்கு வரும் ஒற்றை முனை மின்சாரத்தால் தானாகச் சுழல் காந்தப்புலத்தை உண்டாக்க முடியாது. ஆகவே உள்ளே இருக்கும் இரண்டு காயில்களில் ஒன்றோடு கெப்பாசிட்டரைச் சேர்த்து, அதில் ஓடும் மின்னோட்டத்தின் கட்டத்தைச் சற்று விலக்கி, சுழற்சியை வரவழைக்கிறோம். பல விசிறிகளில் இது 2.5 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். நாளடைவில் அதன் கொள்திறன் இறங்க இறங்க, விசிறியின் வலுவும் இறங்குகிறது. இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன், மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கினார்கள்; வகுப்பறையின் தலைக்கு மேலே தள்ளாடிக்கொண்டிருந்த விசிறியைக் கழற்றிப் பார்க்கப் பாடத்திட்டத்தில் இடம் இருந்ததில்லை. (கல்வித் துறைக்குத் தனியாக எழுத வேண்டிய மடல் அது.) கூடத்தில் முதலில் சொல்லிக்கொடுப்பது, சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினையே அணைக்க வேண்டும் என்பது. ஏனெனில் பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் மாட்டப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் விசிறியில் மின்சாரம் இருக்கும். பிறகு காப்புறையிட்ட ஸ்க்ரூ டிரைவரால் கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டு, மிச்சமிருக்கும் மின்னேற்றத்தை வெளியேற்ற வேண்டும். அதன் பின் வேலை இரண்டு கம்பிகளைப் பிரித்து இரண்டு கம்பிகளைச் சேர்ப்பதுதான்.

கிரைண்டரைப் பற்றி எழுதும்போது என் சொந்த அனுபவத்தைத் தவிர்க்க முடியவில்லை. எங்கள் வீட்டு டேபிள்டாப் கிரைண்டரில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது, டிரம் அசையவில்லை. பெல்ட் நைந்துபோயிருக்கும் என்பது அடித்தட்டைக் கழற்றும் முன்பே தெரிந்தது. அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போனால், அங்கிருந்த பையன் கிரைண்டரைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "அந்த மாடல் நிறுத்திட்டாங்கம்மா, எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்குங்க, ஆஃபர் இருக்குது" என்றான். பெல்ட்டை மட்டும் விலைக்குக் கேட்டேன். உதிரிபாகத்தைத் தனியாகக் கொடுப்பதில்லை, கிரைண்டரைக் கொடுத்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருந்த அளவு தேய்ந்து அழிந்திருந்தது. கடைசியில் காந்திபுரத்தில் உதிரிபாகம் விற்கும் ஒரு கடையில், பழைய பெல்ட்டைக் கையில் கொடுத்தேன். கடைக்காரர் ஆணியில் தொங்கிய ஒவ்வொன்றோடும் அதை வைத்து அளந்து பார்த்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது பொருந்தியது, கிரைண்டர் இன்றும் ஓடுகிறது. கல்லுக்கும் டிரம்முக்கும் மோட்டாருக்கும் எந்தக் குறையும் இல்லாத ஓர் இயந்திரம், ஒரு ரப்பர் வளையத்தின் அளவு தெரியாத காரணத்தால் காயலான் கடைக்குப் போக இருந்தது. அடித்தட்டின் உட்புறத்தில் பெல்ட் அளவு, பேரிங் எண், கெப்பாசிட்டரின் மதிப்பு ஆகிய மூன்றையும் பொறித்த ஒரு சிறு தகடு இருந்திருந்தால் அந்த அலைச்சல் தேவைப்பட்டிருக்காது.

இந்தக் கோரிக்கையைக் கோவையில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஓர் ஆங்கில அதிகாரியிடம் மோட்டார் சைக்கிளைப் பார்த்து வியந்து, உணவகத்தில் வேலை செய்து சேர்த்த காசில் அதையே விலைக்கு வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்துப் பூட்டி இயந்திரவியலைக் கற்றுக்கொண்டவர் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர், 1937இல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து நாட்டிலேயே முதலாவதாக மின்மோட்டாரை உள்ளூரில் செய்துகாட்டினார். 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் வந்தன. பழுதுபார்த்த பட்டறைகளே பிறகு பாகங்களைச் செய்தன, பாகங்களைச் செய்தவை முழு இயந்திரங்களைச் செய்தன. வெட்கிரைண்டரையும் 1955இல் பி. சபாபதி கோவையில் உருவாக்கியதாகவே உங்கள் தொழிலின் வரலாறு சொல்கிறது. அதற்கான கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வருகிறது. கோவை வெட்கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி எங்கோ வடநாட்டுக் காட்டில் நின்றுபோனால், கூடப் போனவர்களே அங்கேயே பிரித்து ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். சோமனூரில் தறி நின்றால் தறிக்காரர் முதலில் தாமே குனிந்து பார்ப்பார். அவர் கைக்கு அடங்காதபோதுதான் ஃபிட்டருக்கு ஆள் போகும்.

இத்தனையும் வீட்டு வாசல் வரைதான். தோட்டத்து மோட்டாரைக் கிணற்றிலிருந்து ஏற்றி இறக்கிப் பழகிய குடும்பத்தில், அடுக்களையில் இருக்கும் மிக்ஸியின் அடிப்பாகத்தை யாரும் திறந்து பார்த்ததில்லை. திறக்கக் கூடாது என்று நீங்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். அது கிழிந்தால் வாரண்டி செல்லாது என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறீர்கள். ஒருவர் பிரித்துப் பார்த்ததிலிருந்து வளர்ந்த தொழில், வாங்குகிறவர் பிரித்துப் பார்ப்பதைக் குற்றம் போல நடத்துவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. உங்களில் பலர் அந்த ஆர்டர்களால் வளர்ந்தீர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரே மாதிரியான இயந்திரங்கள் இலட்சக்கணக்கான வீடுகளில் ஒரே சமயத்தில் இருந்தன என்பதையே கவனிக்கச் சொல்கிறேன். ஒரு தாள், அதில் ஒரு படம், பக்கத்தில் பாகங்களின் பெயரும் எண்ணும் தமிழில் இருந்திருந்தால், ஒரு தெருவில் ஒருவர் கற்றுக்கொண்டு அந்தத் தெருவுக்கே சொல்லிக்கொடுத்திருக்கலாம். அவற்றில் எத்தனை இன்று பரணிலும் மாட்டுக் கொட்டகை ஓரத்திலும் கிடக்கின்றன என்பதை எந்த ஊருக்குப் போனாலும் நீங்களே பார்க்கலாம். எங்கள் கூடத்துக்கு வந்த அத்தகைய கிரைண்டர்கள் சிலவற்றில் கல் தேயக்கூட இல்லை.

உங்களிடமிருந்து முதலில் வரக்கூடிய பதில் பாதுகாப்பு என்பதாகவே இருக்கும். 230 வோல்ட் மின்சாரத்தோடு வீட்டில் இருப்பவர்கள் விளையாடலாமா என்பீர்கள். கூடாது என்பதில் உங்களைவிட எனக்கு உறுதி அதிகம். மைக்ரோவேவ் அவனின் உட்புறத்தை நாங்கள் தொடுவதே இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். உப்பிய லித்தியம் பேட்டரியைக் கூடத்துக்குள் கொண்டுவரவே கூடாது என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறோம். இப்போதைய குளிர்பதனப் பெட்டிகள் பலவற்றில் இருக்கும் ஐசோபியூட்டேன் எரியக்கூடிய வாயு என்பதால் அதன் குழாய்களில் கை வைப்பதில்லை. எரிவாயு ரெகுலேட்டர் பக்கம் போவதே இல்லை. ஆனால் உங்கள் கையேடுகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. மைக்ரோவேவுக்கும், பிளக்கைப் பிடுங்கிவிட்டால் வெறும் உலோகமும் பிளாஸ்டிக்குமாகிவிடும் மிக்ஸிக்கும், "திறக்காதீர்கள், அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகுங்கள்" என்று ஒரே எச்சரிக்கைதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பயமுறுத்தினால் மக்கள் எதற்கும் பயப்படாமல் போவார்கள். அவசரத்துக்குத் திறக்கிறவர் எப்படியும் திறக்கத்தான் செய்வார், ஆனால் எதைத் தொடக் கூடாது என்று தெரியாமல் திறப்பார். வீட்டிலேயே செய்யலாம், தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும், தொழிற்சாலைக்கு மட்டுமே அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொரு பழுதையும் வகைப்படுத்திக் கையேட்டில் எழுதுங்கள். பாதுகாப்பின் மீது உண்மையான அக்கறை இருந்தால் அதைக் காட்டும் வழி அதுதான்.

தெருமுனை மெக்கானிக்கின் பிழைப்பு போய்விடாதா என்று எங்கள் கூடத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர் பிழைப்பைக் கெடுப்பது பிரஷ் மாற்றக் கற்றுக்கொண்ட அடுத்த வீட்டுக்காரர் அல்ல. பழுதானதும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கும் வழக்கம்தான் கெடுக்கிறது. அவருக்குக் கூலி கிடைப்பது காயிலை மறுபடி சுற்றும் ரீவைண்டிங்கில், பேரிங் மாற்றுவதில், ஷாஃப்ட் திருத்துவதில். வீட்டில் ஒருமுறை கழற்றிப் பார்த்தவர்தான், "பிரஷ் நல்லா இருக்குதுங்க, காயில்தான் கருகியிருக்குது" என்று பழுதைச் சரியாகச் சொல்லி அவரிடம் கொண்டுபோகிறார். கழற்றத் தெரியாதவர் நேராக எக்ஸ்சேஞ்ச் மேளாவுக்குப் போகிறார். உதிரிபாகத்தை உங்கள் சொந்த மையங்களுக்குள் பூட்டி வைத்திருப்பதால் தெருமுனை மெக்கானிக்கும்தான் போலிப் பாகத்தை வாங்கி மாட்டுகிறார். அது சீக்கிரம் போய்விட்டால் கெடுவது அவர் பெயரும் உங்கள் பெயரும்.

விற்பனை குறையுமே என்பது நீங்கள் வெளியே சொல்லாத கவலை. கொஞ்சம் குறையலாம், குறையாது என்று உங்களுக்கு இனிப்பாகச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் இணையத்தில் உங்களைவிட மலிவாக விற்கும், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத பொருள்களோடு நீங்கள் விலையில் மோதி ஜெயிக்க முடியாது. அவர்களால் தர முடியாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: பெல்ட் அறுந்தால் பெல்ட்டைத் தரக்கூடிய பட்டறை ஆவாரம்பாளையத்திலோ கணபதியிலோ இருக்கிறது என்பது. அதை ஏன் விளம்பரத்தில் சொல்வதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பழைய பொருளையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பது என் கட்சி அல்ல. 75 வாட் இழுக்கும் பழைய விசிறியில் பேரிங்கும் போய்க் காயிலும் கருகிவிட்டால், அதில் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) விசிறிக்கு மாறுவது புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்தப் புதிய விசிறியில் கெடுவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை. அதைத் தனியாக விற்காவிட்டால், மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததை முழு விசிறியையும் மாற்றுவதில் இழந்துவிடுவோம். சர்க்யூட்டைப் பழுதுபார்க்க எங்களால் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பலகையை அப்படியே கழற்றி வேறொன்றை மாட்ட யாராலும் முடியும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வாகனங்கள் ஆகியவற்றோடு வீட்டு நுகர்பொருள்களும் அதில் அடங்கும். பிரான்சில் 2021 முதல் சில பொருள்களின் மீது, பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணாக அச்சிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்ப்பு குறித்து 2024இல் தனிச்சட்டமே கொண்டுவந்தது. நம் நாட்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. கழிவைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை அவை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன. நுண்தொழில்களுக்கு அவ்விதிகளிலிருந்து விலக்கு உண்டு, உங்களில் பலர் அந்த வகையில் வருவீர்கள் என்பதும் தெரியும். மறுசுழற்சி என்பது எல்லாம் முடிந்த பிறகு செய்வது. உடைத்து உருக்குவதற்கு முன் பத்தாண்டு ஓடியிருக்கக்கூடிய மோட்டாரைப் பற்றி அந்த விதிகள் அதிகம் பேசுவதில்லை. அதைப் பேச வேண்டியவர்கள் அதைச் செய்த நீங்கள்.

கற்றுக்கொடுப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொடிசியா வளாகக் கண்காட்சிகளிலும் உங்கள் விற்பனைக் கூடங்களிலும் உளுந்தும் அரிசியும் ஊறவைத்து மாவு ஆட்டிக் காட்டுகிறீர்கள். மாவு எவ்வளவு பொங்குகிறது என்று காட்டுகிறீர்கள். அதே மேசையில், கிரைண்டரைக் கவிழ்த்து, அடித்தட்டைக் கழற்றி, பெல்ட்டை மாற்றிக் காட்ட அதைவிட நேரம் ஆகாது. அந்த இயந்திரத்தோடு நாள்தோறும் பழகுவது வீட்டுப் பெண்கள். சத்தம் மாறியதை முதலில் கேட்பது அவர்கள் காது. ஜாரின் புஷ் தேய்ந்து அடியில் ஒழுகுவதை முதலில் பார்ப்பது அவர்கள் கண். ஆனால் சர்வீஸ் சென்டரில், "வீட்டுல சாரைப் பேசச் சொல்லுங்க" என்கிறார்கள். எங்கள் கூடத்தில் பழுதைச் சரியாகக் கணிப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. கருவி பிடித்துப் பழகாத தயக்கம் முதல் திருகு கழலும்வரைதான் இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இல்லாத கிராமம் இப்போது கொங்கு நாட்டில் அரிது. அவர்களுக்கு ஒருநாள் பயிற்சியும் ஒரு பெட்டி உதிரிபாகமும் கொடுத்துப் பாருங்கள். கோபிப் பக்கத்திலோ காங்கேயத்துப் பக்கத்திலோ ஒரு கிராமத்தில், பெல்ட்டும் பிரஷ்ஷும் கேஸ்கட்டும் கப்ளரும் வைத்து விற்கக்கூடிய ஒரு பெண் இருந்தால், உங்களுக்கு அங்கே தனியாக ஒரு சர்வீஸ் சென்டர் தேவைப்படாது.

ஆகவே நான் கேட்பவற்றை நிறுவனத்தின் அளவுக்கு ஏற்பச் செய்யலாம். பெரிய நிறுவனங்கள், ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது பத்தாண்டுகளுக்கு அதன் தேயும் பாகங்களைக் கிடைக்கச் செய்வதாக எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். பிரஷ், கப்ளர், பெல்ட் ஆகியவற்றை மாற்றுவதற்காகத் திறந்ததை மட்டுமே காரணம் காட்டி வாரண்டியை மறுக்கக் கூடாது. சிறு பட்டறைகளால் இவ்வளவு முடியாமல் போகலாம். அவர்கள் ரிவெட் அடிக்கும் இடத்தில் சாதாரண ஸ்டார் திருகு போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒரே அளவுள்ள பெல்ட்டையும் கப்ளரையும் எல்லோரும் பயன்படுத்த முடியுமா என்று உங்கள் சங்கம் கூடி யோசிக்கலாம். போட்டியாளர்களுக்குள் அது எளிதல்ல என்று தெரியும். ஆனால் ஒரு நிறுவனத்தின் ஜார் இன்னொன்றில் உட்காராமல் இருப்பதால் உங்களில் யார் பணக்காரர் ஆனீர்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது. பெட்டிக்குள் வைக்கும் தாள் மட்டும் எல்லோராலும் முடியும். நாங்கள் கூடத்தில் பிரித்த மாடல்களின் உட்புறத்தைப் பென்சிலால் வரைந்து, பாகங்களுக்குத் தமிழில் பெயர் எழுதி வைத்திருக்கிறோம். வரைபடம் நேர்த்தியாக இல்லை, சில அளவுகள் தோராயமானவை. அவற்றை உங்களுக்குத் தருகிறோம். உங்கள் பொறியாளர் ஒருவர் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தால் அச்சிடும் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

ஆயுத பூஜை அன்று இப்பகுதியில் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் தம் கதவுகளைத் திறந்து வைப்பது வழக்கம். தொழிலாளரின் குடும்பத்தார் வந்து, கழுவிப் பொட்டு வைத்த லேத்தையும் டிரில்லையும் பார்த்துவிட்டு, பொரி கடலை வாங்கிக்கொண்டு போவார்கள். வரும் ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, உங்களில் விருப்பமுள்ளவர்கள் வாங்கியவர்களுக்கும் அந்தக் கதவைத் திறந்து வையுங்கள். உங்கள் பெயர் போட்ட பழைய கிரைண்டரையும் மிக்ஸியையும் நாங்கள் தூக்கிக்கொண்டு வருகிறோம். உங்கள் அசெம்பிளி வரிசையில் நாள்தோறும் அவற்றைப் பூட்டும் பெண்களில் சிலரே எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். அவர்களுக்கு அன்றைய சம்பளத்தை மட்டும் நீங்கள் கொடுத்துவிட வேண்டும். தேநீருக்கும் மதிய உணவுக்கும் எங்கள் குடியிருப்போர் ஏற்பாடு செய்வார்கள். உதிரிபாகங்களின் விலைப்பட்டியலை வாசலில் ஒட்டி வையுங்கள். இலவசமாக எதுவும் வேண்டாம், பணம் கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம். எத்தனை பேரை உள்ளே அனுமதிக்க முடியும் என்பதை உங்கள் சங்கத்தின் வழியாகப் பூஜைக்கு ஒரு மாதம் முன்பே தெரிவித்தால், வருகிறவர்களைப் பிரித்து அனுப்ப வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கவுண்டம்பாளையம், கோயம்புத்தூர்.